ரீஸ்டார்ட் வைத்தியம்

விர்ச்சுவல் மெஷினில் நெட்வொர்க் போய்விட்டது என்றதும் ஹோஸ்ட் சர்வரையே ரீஸ்டார்ட் செய்யும் பழக்கத்தை முதலில் கைவிட வேண்டும். ஒன்றின் கோளாறுக்காக அதில் ஓடும் அத்தனை மெஷின்களும் படுத்துவிடுகின்றன, தடயமும் அழிந்துபோகிறது. லினக்ஸ் கேவிஎம் ஹோஸ்ட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஹோஸ்டுக்கு இணையம் உண்டு, பிரிட்ஜில் இருக்கும் மெஷின்களுக்கு இல்லை. ஏஆர்பிக்குப் பதில் வருகிறது, பிங்குக்கு வருவதில்லை. கேபிளையும் ஸ்விட்சையும் குறைசொல்லத் தொடங்குவார்கள். உண்மையில் அதே ஹோஸ்டில் யாரோ டாக்கரை நிறுவியிருக்கலாம். ஐபிடேபிள்ஸின் ஃபார்வர்ட் கொள்கையை அது 'டிராப்' என்று மாற்றிவிடுவது உண்டு. பிஆர்_நெட்ஃபில்டர் இயங்கினால் பிரிட்ஜ் வழியே செல்லும் ஐபி பாக்கெட்டுகளும் அதில் மாட்டிக்கொள்ளும். மெஷினின் டேப் இடைமுகத்தில் ஒரு டிசிபிடம்ப், நெட்வொர்க் கார்டில் ஒன்று: முதலாவதில் தெரியும் பாக்கெட் இரண்டாவதில் இல்லையென்றால், குற்றவாளி ஹோஸ்டுக்குள்ளேயே இருக்கிறான். இந்தக் கோளாறு ரீஸ்டார்ட்டுக்கும் அசையாது. டாக்கர் எழும்போது விதியும் கூடவே எழும். நேற்றுவரை ஓடியது இன்று நின்றால், கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'யார், எதை மாற்றினார்கள்?' என்பதுதான். அதற்குப் பதில் சொல்லும் பதிவேடு இல்லாத சர்வர் அறையில் எந்தக் கருவியும் பாதி வேலைதான் செய்யும்.