பொக்லைன் வந்த பிறகு விழிப்பதா?

சாதாரண வீடு ஒன்றைக் காப்பதா, இடிக்க விடுவதா என்ற கேள்வி பெரும்பாலான ஊர்களில் பொக்லைன் இயந்திரம் வாசலுக்கு வந்த பிறகே எழுகிறது. மைசூரு யாதவகிரியில் எழுத்தாளர் ஆர்.கே. நாராயணின் வீடு 2011இல் செய்தியானது அப்படித்தான். வாரிசுகள் வீட்டை விற்றனர், இடிப்பு தொடங்கியது, ஒரு பகுதி சிதைந்த நிலையில் பத்திரிகைகள் எழுத, அதிகாரிகள் வேலையை நிறுத்தினர். பின்னர் மாநகராட்சி ஏறத்தாழ 2.4 கோடி ரூபாய்க்கு அதை வாங்கிச் செப்பனிட்டு, 2016இல் அருங்காட்சியகமாகத் திறந்தது. வீடு தப்பியது நல்லது. தப்பிய விதம் எந்த ஊருக்கும் முன்மாதிரி ஆகாது.

இத்தகைய வீடுகளுக்குத் தொல்லியல் சட்டங்கள் பொருந்துவதில்லை. 1958ஆம் ஆண்டின் மத்திய சட்டம் நூறாண்டுக்குக் குறையாத பழமையைக் கேட்கிறது. 1950களில் குடிபுகுந்த நாராயண் வீடு அந்த அளவுகோலுக்குள் வராது. வந்தாலும் பயனில்லை. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்ட வேண்டும். கோட்டைக்கும் கோயிலுக்கும் சரியான இந்த விதியைச் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள் உள்ள தெருவில் வைத்தால், ஒரு வீட்டைக் காப்பதற்காகத் தெருவே ஓர் அறையைக்கூடக் கூடுதலாகக் கட்ட முடியாமல் தவிக்கும். பிறகு அந்தத் தெருவில் யாரும் பழைய வீட்டின் பெருமையை வெளியே சொல்ல மாட்டார்கள். ஆகவே இது டெல்லியில் முடிவாக வேண்டிய விஷயமல்ல, நகராட்சி அளவில் முடிவாக வேண்டியது.

எதை வைத்து முடிவு செய்வது? கட்டடத்தின் அழகை வைத்து என்றால் எளிய வீடு எதுவும் தேறாது. கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில் கணித மேதை இராமானுஜன் வளர்ந்த வீடு கட்டடக்கலை மாணவர்கள் அளந்து படிக்க வேண்டிய கட்டடமல்ல. திண்ணை, தெருவைப் பார்த்த ஜன்னலோடு ஒரு சிற்றறை, கூடம், அடுக்களை, கொல்லையில் கிணறு, அவ்வளவுதான். அந்தக் காலத்து நடுத்தரக் குடும்பங்கள் பலவற்றின் வீடு அப்படித்தான் இருந்திருக்கும். தகப்பனார் ஜவுளிக்கடைக் கணக்கர். மற்றப் பாடங்களில் தவறி, கல்லூரி உதவித்தொகையை இழந்த பையன் சிலேட்டும் கையுமாகத் திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் போட்டது இந்த வீட்டில்தான். அவர் கண்ட சமன்பாடுகளை அச்சிட்ட நூலில் படிக்கலாம். எவ்வளவு குறைந்த இடத்தில், எவ்வளவு குறைந்த வசதியில் அவை பிறந்தன என்பதை அந்தச் சிற்றறைக்குள் நின்றால்தான் உணர முடியும். அரசுப் பள்ளி மாணவர் ஒருவர் உள்ளே வந்து பார்த்துவிட்டு, ‘எங்கள் பாட்டி வீடு போலத்தான் இருக்கிறது’ என்று நினைப்பாரானால், அந்த வீடு தன் வேலையைச் செய்துவிட்டது. அரண்மனையால் இது முடியாது. எளிமையே இங்கே சான்று என்பதால், அந்த வீட்டுக்குச் சலவைக்கல் பதித்து முகப்பைப் பெரிதாக்குவது இடிப்பதற்குச் சமம். சாஸ்த்ரா பல்கலைக்கழகம் அதை அப்படிக் கெடுக்காமல் பராமரித்து வருகிறது.

எனவே அளவுகோல் இதுவாக இருக்க வேண்டும்: அங்கே வாழ்ந்தவருடைய வேலைக்கும் அந்த வீட்டுக்கும் பிரிக்க முடியாத தொடர்பு உண்டா? இன்னார் இங்கே சில மாதம் குடியிருந்தார் என்பது போதாது. இந்த அளவுகோலை நேர்மையாக வைத்தால் யாதவகிரி வீடே சற்றுத் தடுமாறும். ‘சுவாமி அண்ட் ஃபிரண்ட்ஸ்’ 1935இல் வந்தது; இந்த வீடு அப்போது இல்லை. 1958இல் வெளியான ‘த கைட்’ நாவலின் பெரும்பகுதி அமெரிக்காவில் பெர்க்லியின் ஓட்டல் அறையில் எழுதப்பட்டது. ஆனால் எழுதுவதற்கென்றே சாமுண்டி மலையைப் பார்த்துப் பல ஜன்னல்கள் வைத்த அறையோடு அவர் பார்த்துப் பார்த்துக் கட்டிய வீடு இது. பல பத்தாண்டுகள் அவர் இருந்த வீடும் இதுதான். தடுமாறினாலும் தேறிவிடுகிறது.

அங்கே வேறொரு எதிர்ப்பும் வந்தது. ஆங்கிலத்தில் எழுதிய, தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ஒருவருக்காகக் கர்நாடக மக்களின் பணம் ஏன் என்று கன்னட எழுத்தாளர்கள் சிலர் கேட்டனர். கன்னட எழுத்தாளர்களின் வீடுகளும் கவனிக்கப்பட வேண்டும் என்ற அளவில் அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. மொழியை வைத்து ஒரு வீட்டைத் தள்ளுவதில் நியாயம் இல்லை. வீடு எந்த ஊரில் இருக்கிறதோ, அந்த ஊரின் வரலாறு அது.

இன்னொரு காப்பு, காலம். லண்டனில் பிரபலங்கள் வாழ்ந்த வீடுகளில் நீலப் பலகை பதிக்கும் திட்டம் 1866இல் தொடங்கியது. அதற்கு ஒருவரின் பெயரைப் பரிந்துரைக்க அவர் இறந்து 20 ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். தமிழ்நாட்டில் நடந்தது இதற்கு நேர்மாறு. முன்னாள் முதல்வர் ஜெயலலிதா மறைந்த நான்கே ஆண்டுகளில், 2020இல், போயஸ் தோட்டத்து வேதா நிலையத்தை நினைவில்லமாக்க அரசு கையகப்படுத்தி, ஏறத்தாழ 68 கோடி ரூபாயை நீதிமன்றத்தில் செலுத்தியது. 2021 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. வீடு வாரிசுகளிடம் போனது. மைசூரு வீட்டின் விலையில் ஏறத்தாழ 28 வீடுகளை அந்தத் தொகையில் வாங்கியிருக்கலாம்.

உரிமையாளர்களைக் குற்றவாளிகளாகப் பார்க்கும் வழக்கமும் ஒழிய வேண்டும். நாட்டு ஓட்டைப் பிரித்து மாற்றவும், சுண்ணாம்புக் காரை பூசவும் தெரிந்த கொத்தனார் இன்று எளிதில் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் கூலி அதிகம். நான்கு பேர் பங்குள்ள சொத்தில் மூவர் வெளியூரில் இருந்தால், விற்றுப் பிரித்துக்கொள்வதே இயல்பு. ஊரின் பெருமைக்கான செலவை ஒரு குடும்பத்தின் தலையில் கட்டுவது அநியாயம். சொத்து வரி விலக்கு, பழுதுபார்க்க மானியம், மும்பையில் உள்ளதைப் போல அந்த மனையில் கட்ட முடியாமல் போகும் தளப்பரப்பை வேறிடத்தில் பயன்படுத்தவோ விற்கவோ உரிமை என்று வழிகள் உண்டு. எதையும் தராமல் ‘பாரம்பரியக் கட்டடம்’ என்று நோட்டீஸ் மட்டும் ஒட்டினால், அடுத்த மழைக்குக் கூரை தானாக விழும்.

தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012இல் இயற்றப்பட்டது. நடைமுறைக்கு வரப் பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று. இனியாவது ஒவ்வொரு நகராட்சியும் தன் எல்லைக்குள் இந்த அளவுகோலில் தேறும் வீடுகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் காரணத்தை எழுதி, உரிமையாளருக்கு இப்போதே தெரிவிக்க வேண்டும். பட்டியலில் உள்ள வீடு விற்பனைக்கு வந்தால் வாங்குவதா, மானியம் தருவதா, விட்டுவிடுவதா என்று ஆறு மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். விட்டுவிடுவதானால், இடிக்கும் முன் வீட்டை அளந்து வரைந்து, படமெடுத்து, அந்த இடத்தில் ஒரு பலகை வைக்கலாம். கெடுவுக்குள் பணம் ஒதுக்க முடியாத அரசுக்கு உரிமையாளரைத் தடுக்கும் உரிமையும் இல்லை.