காற்றில் பிறக்கும் துகளுக்கு யார் பொறுப்பு?

இந்தியாவின் காற்றுத் தரக் குறியீட்டில் இடம்பெறும் எட்டு மாசுகளில் அமோனியாவும் ஒன்று. அன்றாட அறிக்கையில் அதற்கு நேரே பெரும்பாலும் ‘நன்று’ என்றே இருக்கும். 24 மணி நேரச் சராசரி ஒரு கன மீட்டருக்கு 400 மைக்ரோகிராமைத் தாண்டினால்தான் வரம்பு மீறல்; நம் நகரங்கள் அதை எட்டுவது அரிது. காற்றில் கலந்த அமோனியா பிறகு என்னவாகிறது என்ற கேள்விக்கு இந்தக் கணக்கில் இடமில்லை.

ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. அனல்மின் நிலையங்கள் கக்கும் கந்தக டை ஆக்சைடு காற்றில் கந்தக அமிலமாகிறது. வாகனப் புகையின் நைட்ரஜன் ஆக்சைடுகள் நைட்ரிக் அமிலமாகின்றன. யூரியா தூவிய வயல்களிலும் மாட்டுச் சாணத்திலும் கிளம்பும் அமோனியா இவற்றோடு சேர்ந்தால் உப்பு. வாயுக்களாகக் கிளம்பியவை பிஎம் 2.5 எனப்படும் நுண்துகள்களாகி நுரையீரலின் ஆழம்வரை இறங்குகின்றன. டெல்லியின் குளிர்கால நுண்துகளில் சுமார் 30 விழுக்காடு இவ்வாறு காற்றிலேயே உருவானது என்று ஐஐடி கான்பூர் ஆய்வு 2016இல் கணக்கிட்டது. குப்பையும் பிளாஸ்டிக்கும் எரிவதால் வரும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் அமோனியாவோடு கூடி டெல்லியின் மூட்டத்தை அடர்த்தியாக்குகிறது என்பதை, ஐஐடி மெட்ராஸ் தலைமையிலான குழு 2021இல் வெளிக்கொண்டுவந்தது.

இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே செயற்கைக்கோள்கள் அமோனியாவை அளந்துவருகின்றன. உலகின் மிகப் பெரிய அமோனியா மண்டலமாக அவை காட்டுவது கங்கைச் சமவெளியை. அமெரிக்கா, ஐரோப்பா, சீனா மூன்றிலும் காற்றிலுள்ள அமோனியா தெளிவாக ஏறிவந்திருக்க, ஏற்கெனவே உச்சத்திலிருக்கும் இந்தியாவில் ஏற்றம் மிகக் குறைவு. இதில் ஆறுதல் கொள்ள ஒன்றுமில்லை. இங்கே யூரியாப் பயன்பாடு கூடியபடியேதான் இருந்தது. கூடவே அமில வாயுக்களும் பெருகி, கூடுதல் அமோனியாவைத் துகளாக்கிவிட்டன என்பதே ஆய்வாளர்கள் முன்வைக்கும் முக்கிய விளக்கம். வாயுக் கணக்கில் காணாமல்போனது துகள் கணக்கில் ஏறியிருக்கிறது.

சீனா இதற்கு நேர்மாறான பாடம். 2013க்குப் பிறகு அங்கே கந்தக வெளியேற்றத்தைக் கடுமையாகக் குறைத்தார்கள். சேர அமிலம் இல்லாததால் வட சீனச் சமவெளியில் அமோனியா வாயு கூடியது. ஆனால், பெய்ஜிங்கின் ஆண்டுச் சராசரி நுண்துகள் அளவு 2013இல் 89.5 மைக்ரோகிராமாக இருந்தது, 2021இல் 33ஆக இறங்கியது. அமோனியா மிகையாக உள்ள இடத்தில் எவ்வளவு துகள் உருவாகும் என்பதை அமிலத்தின் அளவே பெரிதும் தீர்மானிக்கிறது.

இந்த வெளிச்சத்தில்தான் ஒன்றிய அரசின் 2025 ஜூலை அறிவிக்கையைப் படிக்க வேண்டும். அனல்மின் நிலையங்களில் கந்தக நீக்கிகளைப் பொருத்துவதற்கான நெறி 2015இல் வந்தது. கெடு பலமுறை தள்ளிப்போனது. கடைசியில், முக்கால் பங்குக்கும் அதிகமான நிலையங்களுக்கு விலக்கே அளித்துவிட்டார்கள். சுற்றுப்புறக் காற்றில் கந்தக டை ஆக்சைடு வரம்புக்குள்தான் இருக்கிறது என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. வாயுவாக அது நெடுநாள் நிற்பதில்லை, சல்பேட்டாக மாறிவிடுகிறது. மாறிப்போன பொருளை அதன் பழைய உருவில் தேடி, ‘இல்லை’ என்று முடிவுகட்டுவது அறிவியலாகாது. பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரங்களிலிருந்து 10 கிலோமீட்டருக்குள் உள்ள நிலையங்களுக்குக் கட்டாயம் என்கிறது அறிவிக்கை. சல்பேட் துகளோ நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்யக்கூடியது. கந்தக நீக்கிகளுக்குச் செலவு அதிகம் என்பது உண்மை. மூச்சுத்திணறலோடு மருத்துவமனைக்கு ஓடும் குடும்பங்களின் செலவையும் அதே ஏட்டில் எழுதினால்தான் அது முழுக் கணக்கு.

2019இல் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டமும் இந்த வேதியியலைத் தொடவில்லை. முதல் ஐந்தாண்டுகளில் செலவான பணத்தில் 64 விழுக்காடு சாலைத் தூசிக்கே போனதாக அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் கணக்கிட்டது. சாலையைக் கூட்டி நீர் தெளித்தால் பெரிய துகள் அடங்கும். வானில் உருவாகும் உப்பை எந்தத் துடைப்பமும் எட்டாது.

அமோனியாவையும் குறைக்கத்தான் வேண்டும். ஆனால், மிகை இருக்கும் இடத்தில் முதலில் குறைக்கும் அளவு துகள்களைப் பெரிதாகக் குறைக்காது. ஆகவே, உழவர்மீது பழியைப் போட்டுவிட்டுப் புகைபோக்கிகளைத் தப்பவிட முடியாது. 45 கிலோ யூரியா மூட்டை ரூ.266.50க்குக் கிடைக்கிறது. 2010இல் வந்த சத்து அடிப்படையிலான மானிய முறையில் யூரியா சேர்க்கப்படவில்லை. பிற உரங்களின் விலை ஏறியபோது, மலிவானதை உழவர் கூடுதலாக இட்டார். விலைக் கொள்கை காட்டிய வழி அது. 2015இல் கட்டாயமாக்கப்பட்ட வேப்பெண்ணெய்ப் பூச்சு, தழைச்சத்து நைட்ரேட்டாக மாறுவதைத் தாமதப்படுத்தும்; மேலாகத் தூவிய யூரியாவிலிருந்து அமோனியா ஆவியாவதற்கு அது தீர்வல்ல. உரத்தை மண்ணுக்குள் வைத்தால் ஆவியாவது வெகுவாகக் குறையும், பயிருக்கும் கூடுதலாகக் கிடைக்கும். அதற்குக் கருவி வேண்டும், கூலி வேண்டும். யூரியா மானியத்தில் ஒரு சிறு பகுதியை இதற்குத் திருப்பலாம். அனல்மின் நிலையங்களுக்குத் தந்த விலக்கைத் திரும்பப் பெறுவது அதற்கும் முந்தைய வேலை.