கட்டிய பிறகா அனுமதி?

முதலில் மலையைத் தோண்டி வீடு கட்டுவது, பிறகு போய் அனுமதி கேட்பது என்ற வழக்கம் நம் நாட்டில் வேரூன்றிவிட்டது. டிக்கெட் இல்லாமல் ரயிலேறியவர் பிடிபட்டதும் அபராதம் கட்டிப் பயணத்தைத் தொடர்வது போன்றது இது. ஆனால் அதனால் ரயிலுக்குச் சேதம் இல்லை. மூடிய ஓடையோ திரும்பி வராது.

புனே மாவட்டத்து லவாசா இதற்குச் சாட்சி. மோசே ஆற்றின் வரஸ்காவ் அணையையொட்டி மலை நகரம் அமைக்க 18 கிராமங்களை மகாராஷ்டிர அரசு 2001-ல் அறிவித்தது. அங்குள்ள ஓடைகள் இறங்கிச் சேருவது அந்த அணையில்தான். புனே மக்கள் குடிக்கும் தண்ணீரில் ஒரு பங்கு அங்கிருந்து வருகிறது. பெரிய கட்டுமானங்களுக்கு மத்திய அரசின் சுற்றுச்சூழல் அனுமதி 2004 முதல் கட்டாயம். மாநில அரசின் அனுமதியே போதும் என்றது லவாசா நிறுவனம். வேலையை நிறுத்தும்படி மத்திய அமைச்சகம் சொன்னது 2010 நவம்பர் 25-ல். அதற்குள் சாலைகளும் வீடுகளும் எழுந்துவிட்டன. மறு ஆண்டு நவம்பரில், சுமார் 2,000 ஹெக்டேர் கொண்ட முதல் கட்டத்துக்கு நிபந்தனைகளுடன் அனுமதியும் கிடைத்தது! 2018-ல் நிறுவனம் திவால் நடவடிக்கைக்குப் போனது. பணம் கட்டியவர்கள் பாடு திண்டாட்டம் ஆயிற்று.

முன்கூட்டியே அனுமதி கேட்டால் ஓடை எங்கே, மழைநீர் எந்த வழி, கழிவுநீர் எங்கே போகும் என்று வரைபடத்திலேயே பார்க்கலாம். காகிதத்தில் கோட்டைத் தள்ளிப் போட ஒரு ரப்பர் போதும். எழுந்த கட்டடத்தை இடிக்க எந்த அதிகாரிக்கும் மனம் வராது. நீதிமன்றத்துக்கே அந்தச் சங்கடம் உண்டு. பின்னால் தரும் அனுமதி செல்லாது என்று 2025 மே 16-ல் உச்சநீதிமன்றம் கூறியது. அதே ஆண்டு நவம்பர் 18-ல் மூன்று நீதிபதிகளில் இருவர் அத்தீர்ப்பைத் திரும்பப் பெற்றனர். கட்டியதை எல்லாம் இடிக்க நேரும் என்பது அவர்கள் காட்டிய முக்கியக் காரணம்.

பம்பாய்த் தமிழர்களுக்கு இது ஊரார் சங்கதி அல்ல. பத்லாபூர், நேரல், கர்ஜத் பக்கம் மாதத் தவணையில் இடம் வாங்கும் தொழிலாளர்களும் குமாஸ்தாக்களும் ஏராளம். 2019 ஜூலை 27-ல் உல்ஹாஸ் ஆறு பெருகி, பத்லாபூருக்கும் வாங்கனிக்கும் இடையே மகாலட்சுமி எக்ஸ்பிரஸ் வெள்ளத்தில் நின்றது. சுமார் ஆயிரம் பயணிகள் படகுகளில் மீட்கப்பட்டார்கள். அந்தப் பாதையில்தான் இந்த இடங்கள் விற்பனையாகின்றன. புரோக்கர் காட்டும் வண்ணப் படத்தில் நாலா அழகான நீலக் கோடு. ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் நேரில் போய்ப் பார்த்தால் அதன் அகலம் தெரியும்.

20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டும் திட்டத்துக்கு முன் அனுமதி வேண்டும் என்று 2006-ம் ஆண்டு அறிவிக்கை சொல்கிறது. ரெரா பதிவு எண்ணை விளம்பரத்தில் போட வேண்டும் என்றும் சட்டம் இருக்கிறது. அதன் பக்கத்திலேயே, சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்த தேதியையும் வேலை தொடங்கிய தேதியையும் அச்சிடச் சொல்வதில் மாநில அரசுக்கு என்ன கஷ்டம்?