ஸ்பேஸ் விட்டது யார்?

கம்ப்யூட்டர் கீபோர்டில் மிகப் பெரிய கீ எது என்று பாருங்கள். கீழ் வரிசையில் ரயில்வே பிளாட்பாரத்து பெஞ்சு மாதிரி நீட்டிப் படுத்திருக்குமே, ஸ்பேஸ் பார், அதுதான். தட்டினால் திரையில் ஒன்றும் வராது. அந்த 'ஒன்றும் வராதது' ஒரு கம்பெனியில் எழுபது பேர் சம்பளத்தைப் பிடித்து வைத்துக்கொண்ட கதையை இந்த வாரம் சொல்கிறேன்.

கதாநாயகன் என் இளம் நண்பன். பழவேற்காடு ஏரியில் பசியாவரம் என்கிற ஊர். முதல் தடவை ஊர்ப் பேரைக் கேட்டதும், "அட, பசிக்காத வரமா? யார் கொடுத்தது?" என்று கேட்டுவிட்டேன். "வரம் கேட்டது நெஜம் ஸார். இன்னும் ஸாங்ஷன் ஆகல" என்றான்.

மீன் பிடிக்கிற குடும்பத்தில் படித்து மேலே வந்தவன். அம்பத்தூர் பக்கம் ஒரு கம்பெனியில் இருபத்தைந்து லினக்ஸ் கம்ப்யூட்டர்களுக்கும், ஏ.ஸி. ரூமில் குளிர் காய்ந்துகொண்டிருக்கும் ஒரு ஸர்வருக்கும் அவன்தான் மேய்ப்பன்.

அவன் வேலைக்குச் சேர்ந்தபோது அங்கே ஃபைல்கள் பென் டிரைவில் பிரயாணம் செய்துகொண்டிருந்தன. 'பட்ஜெட் ஃபைனல்', 'பட்ஜெட் ஃபைனல் 2', 'பட்ஜெட் நிஜமாவே ஃபைனல்' என்று ஒரே ஃபைலுக்கு ஏழு அவதாரம். எது மெய், எது மாயை என்று ஆடிட்டருக்கே தெரியாது. நம்ம பையன் யோசித்தான். ஃபைல்கள் ஸர்வரில் ஒரே இடத்தில் இருக்கட்டும், எல்லோரும் அங்கேயே எழுதட்டும். அதற்கு அவன் எடுத்த ஆயுதத்தின் பெயர் நெட்வொர்க் ஃபைல் சிஸ்டம், சுருக்கமாக என்.எஃப்.எஸ்.

இது நேற்று முளைத்த சமாசாரம் இல்லை. 1982-ல் அமெரிக்காவில் நான்கு பேர் சேர்ந்து ஸன் மைக்ரோஸிஸ்டம்ஸ் என்று ஒரு கம்பெனி ஆரம்பித்தார்கள். அதில் ஒருவர் நம்ம ஊர் வினோத் கோஸ்லா. அந்தக் காலத்தில் ஹார்டு டிஸ்க் யானை விலை. ஆளுக்கு ஒரு யானை வாங்குவதற்குப் பதில், ஒரு யானையை நடுவில் கட்டிப்போட்டு எல்லோரும் சவாரி செய்தால் என்ன என்று எண்பதுகளின் நடுவில் அவர்கள் உண்டாக்கியது என்.எஃப்.எஸ். விதிமுறைகளை ரகசியமாகப் பூட்டி வைக்காமல் 1989-ல் பொதுவில் பிரசுரித்தார்கள். 1995-ல் மூன்றாம் பதிப்பு. 2000-ல் நான்காவது. ஸன் கம்பெனியை 2010-ல் ஆரக்கிள் வாங்கி விழுங்கியாயிற்று. என்.எஃப்.எஸ். மட்டும் இன்றைக்கும் பெரிய பெரிய கம்ப்யூட்டர் கூடங்களில் சமர்த்தாக ஓடிக்கொண்டிருக்கிறது.

இதன் சாமர்த்தியம் என்னவென்றால், தூரத்தில் இருப்பதைப் பக்கத்தில் இருப்பதாக நம்பவைப்பது. ஸர்வரில் இருக்கிற ஃபோல்டர் உங்கள் மெஷினில், உங்கள் சொந்த ஃபோல்டர் மாதிரியே உட்கார்ந்திருக்கும். நீங்கள் திறந்தால் திறக்கும், எழுதினால் எழுதிக்கொள்ளும். இந்த நம்பிக்கைதான் கதையின் வில்லன். பொறுங்கள்.

இதை அமைக்க இரண்டு பக்கமும் வேலை இருக்கிறது. ஸர்வர் பக்கத்தில் 'எக்ஸ்போர்ட்ஸ்' என்று ஒரு ஃபைல். கல்யாண வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கும் பெரியப்பா மாதிரி, யாரை உள்ளே விடலாம் என்கிற லிஸ்ட். ஒவ்வொரு வரியிலும் முதலில் ஃபோல்டர் பெயர், பிறகு மெஷின் பெயர், அதை ஒட்டி அடைப்புக்குறிக்குள் அதன் உரிமை. 'ஆர்.ஓ.' என்றால் படிக்கலாம், தொடக்கூடாது. 'ஆர்.டபிள்யூ.' என்றால் படிக்கலாம், எழுதலாம், அழிக்கவும் அழிக்கலாம். கிளையன்ட் பக்கத்தில் அந்த ஃபோல்டரை 'மவுன்ட்' செய்ய வேண்டும். தினம் காலையில் தானாக வந்து உட்கார வேண்டுமென்றால் 'எஃப்ஸ்டேப்' என்கிற ஃபைலில் ஒரு வரி. அவ்வளவுதான் வித்தை.

ஒரு மாசக் கடைசி. அக்கவுன்ட்ஸுக்குப் புது மெஷின் வந்தது. சாயங்காலம், வீட்டுக்குப் போகிற அவசரத்தில் நம்ம ஆள் லிஸ்ட்டில் அதற்கொரு வரி சேர்த்தான். மெஷின் பெயரை அடித்தான். ஸ்பேஸ் பாரை ஒரு தட்டு தட்டினான். அடைப்புக்குறி போட்டு, 'ஆர்.டபிள்யூ.' என்று எழுதி, மூடிவிட்டு பஸ் பிடித்தான்.

தமிழில் எழுதும்போது அடைப்புக்குறிக்கு முன்னால் ஓர் இடம் விட்டால் பார்க்க அழகு. லினக்ஸ் ஸர்வருக்கு அழகுணர்ச்சி கிடையாது. இடைவெளி விட்டால் இரண்டு தனித்தனி ஆசாமிகள் என்று எடுத்துக்கொள்ளும். 'அக்கவுன்ட்ஸ் மெஷினா? உரிமை எதுவும் எழுதலையே, சரி, வழக்கம்போல் படிக்க மட்டும் அனுமதி. அடுத்து யார்? பெயர் இல்லாமல் வெறும் ஆர்.டபிள்யூ. ஓஹோ, அப்படியானால் ஊரில் உள்ள எல்லோருக்கும்.'

அதாவது, வீட்டுக்காரர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கலாம். தெருவில் போகிறவன் கையில் சாவி.

மறுநாள் காலை அக்கவுன்ட்ஸிலிருந்து போன். "ஸேவ் ஆக மாட்டேங்குது ஸார்." கேபிள் லூஸாக இருக்கும் என்று பார்க்கப் போனான். மத்தியானம் இன்னொரு போன். "ஸேவை விடுங்க ஸார். ஃபோல்டரையே காணோம்."

நடந்தது இது. டிரெய்னியாகச் சேர்ந்து மூன்று வாரமான ஒரு பையன். கற்றுக்கொள்ளும் ஆர்வம். ஸர்வர் என்னென்ன ஃபோல்டர் பகிர்கிறது என்று தன் சொந்த லாப்டாப்பிலிருந்து விசாரித்திருக்கிறான். லிஸ்ட் வந்தது. ஒன்றை மவுன்ட் செய்து பார்த்தான். வந்துவிட்டது! உள்ளே என்ன இருக்கிறது என்றுகூட சரியாகப் பார்க்கவில்லை. சோதனை வெற்றி, இனி இடத்தை அடைக்க வேண்டாம் என்று தன் லாப்டாப்பில் இருந்த 'காப்பி'யை அழித்தான். நிரந்தரமாக அழிக்கலாமா என்று மெஷின் கேட்டது. ஆமாம் என்றான். காப்பிதானே?

காப்பி இல்லை, ஸர். ஒரிஜினல். தூரத்தில் இருப்பதைப் பக்கத்தில் இருப்பதாக நம்பவைப்பது என்று சொன்னேன் அல்லவா?

இங்கே உங்களில் விவரம் தெரிந்த சிலர் கேட்கலாம். எழுத அனுமதி இருந்தாலும் அடுத்தவர் ஃபைலை ஸர்வர் எப்படி அழிக்க விட்டது என்று. நியாயமான கேள்வி. சாதாரணமாக அமைத்தால் என்.எஃப்.எஸ். ஆளைப் பெயரால் பார்ப்பதில்லை, நம்பரால்தான் பார்க்கிறது. லினக்ஸில் ஒவ்வொரு யூஸருக்கும் ஒரு எண். பெரும்பாலான லினக்ஸ்களில் மெஷினில் முதலில் பதிவாகும் ஆளுக்கு எண் 1000. அக்கவுன்ட்ஸில் இருபது வருஷ சர்வீஸ் அம்மையாருக்கும் அவர் மெஷினில் 1000. டிரெய்னி பையனுக்கும் தன் லாப்டாப்பில் 1000. ஸர்வர் கண்ணுக்கு இரண்டு பேரும் ஒரே ஆள். அம்மையாரே வந்து தன் ஃபைலை அழிப்பதாக நினைத்துப் பேசாமல் இருந்துவிட்டது.

ஒரு பாதுகாப்பு இருக்கத்தான் இருக்கிறது. 'ரூட்' என்கிற சர்வாதிகாரி இன்னொரு மெஷினிலிருந்து வந்தால், ஸர்வர் அவரை 'நோபடி', அதாவது யாருமில்லை என்று ஆக்கிவிடும். ஆபீஸில் மானேஜர், வீட்டு வாசல்படி தாண்டினால் யாரோ என்கிற மாதிரி. ஆனால் அது ராஜாவுக்கு மட்டும்தான். 1000-ம் நம்பர் பிரஜையை அது தடுக்காது.

பேக்கப் இருந்தது. மூன்று நாள் பழசு. அந்த மூன்று நாளில் அக்கவுன்ட்ஸ் அம்மையார் போட்ட ஓவர்டைம், லீவு, பிடித்தம் எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து போட வேண்டியதாயிற்று. ஒன்றாம் தேதிச் சம்பளம் நான்காம் தேதி வந்தது. மூன்று நாளில் உலகம் அழிந்துவிடாது என்பது முதலாளி சித்தாந்தம். ஒன்றாம் தேதி வாடகை கொடுக்க வேண்டியவர்களின் சித்தாந்தம் வேறு.

டிரெய்னியை அன்று சாயங்காலமே வீட்டுக்கு அனுப்புவதென்று முடிவு. லாப்டாப்பில் கையும் களவுமாகப் பிடிபட்டவன், வேறென்ன சாட்சி வேண்டும்? நம்ம ஆள் சும்மா இருந்திருக்கலாம். அந்த ஆபீஸில் எக்ஸ்போர்ட்ஸ் ஃபைலைத் திறந்து ஸ்பேஸைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர் வேறு யாரும் இல்லை. ஒரே ஒரு தட்டில் அதை அழித்திருந்தால் தடயமே இருந்திருக்காது.

அவன் அந்த வரியைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு முதலாளி ரூமுக்குப் போனான். "கதவைத் தொறந்து வெச்சது நான் ஸார். அந்தப் பையன் நடந்து உள்ள வந்தான், அவ்ளோதான்."

மெமோ கிடைத்தது. அந்த வருஷ இன்க்ரிமென்ட் போயிற்று. டிரெய்னி தப்பித்தான்.

"ஏம்ப்பா, உனக்கெதுக்கு இந்த அரிச்சந்திர வேஷம்?" என்று கேட்டேன். அவன் ஏரியைப் பற்றிப் பேச ஆரம்பித்தான்.

பழவேற்காடு ஏரியில் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. மீனும் இறாலும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி விழாது. முகத்துவாரத்துப் பக்கம் நல்ல இடங்கள். எல்லோரும் அங்கேயே வலை கட்டினால் வலையோடு வலை சிக்கும், ஆளோடு ஆள் சிக்கும். அதனால் சில குப்பங்களில் தலைமுறை தலைமுறையாக ஓர் ஏற்பாடு. இடங்களைப் பிரித்து, குலுக்கல் போட்டு, முறை வைத்துக்கொள்வது. இன்றைக்கு நல்ல இடம் உனக்கு, இன்னொரு நாள் எனக்கு. ஐ.நா.வின் உணவு, விவசாய நிறுவனம் 1991-ல் இதைப் பற்றித் தனியாக ஓர் ஆய்வே வெளியிட்டது. இலங்கையில் நீர்கொழும்புக் காயலிலும், கேரளத்தில் கொச்சிக் காயலிலும் இதே மாதிரி முறைகள் உண்டு. பூட்டில்லாத தண்ணீருக்கு இத்தனை ஒழுங்கான லிஸ்ட்!

"பிரமாதமா இருக்கே" என்றேன்.

"லிஸ்ட்ல இருக்கறவங்களுக்கு பிரமாதம் ஸார். எங்க வீடு அந்த லிஸ்ட்ல இல்ல. அங்கத்தினருக்கு மட்டும்தான் பாடு. எங்கப்பா ஓரமா வலை போட்டுக்கிட்டு, நல்ல எடத்தைப் பார்த்துக்கிட்டே வருவாரு. இதால ஏரியில சண்டையெல்லாம் நடந்திருக்கு. லிஸ்ட் எழுதறவன் கை லேசா நகர்ந்தா யாரு சாப்புடுவா, யாரு சாப்புட மாட்டான்னு மாறும். சின்ன வயசுலயே தெரியும் எனக்கு. இப்போ லிஸ்ட் எழுதறவனே நான். அந்தப் பையன் தலையில எப்படிப் போடறது?"

எனக்குப் பேச்சு வரவில்லை. காபி சொன்னேன்.

அதற்கப்புறம் அவன் செய்த காரியங்களை, ஆபீஸில் இந்தத் தலைவலி உள்ள வாசகர்களுக்காகச் சொல்கிறேன். லிஸ்ட்டில் மெஷின் பெயரையும் அடைப்புக்குறியையும் ஒட்டி எழுதினான். படித்தால் போதும் என்பவர்களுக்குப் படிக்க மட்டும். மாற்றிய பிறகு வீட்டுக்கு ஓடாமல், எந்த மெஷினுக்கு என்ன உரிமை என்று ஸர்வரையே ஒப்பிக்கச் சொல்லிப் பார்த்தான். யூஸர் எண்களை ஒரே இடத்திலிருந்து கொடுத்தான், ஆளுக்கு ஓர் எண். நான்காம் பதிப்பில் கெர்பெராஸ் என்று ஓர் ஏற்பாடு சேர்த்துக்கொள்ளலாம். நம்பரை நம்பாமல் அடையாளச் சீட்டு கேட்கும். அதையும் போட்டான்.

முதலாளிக்கு ஒரு குறை. ஸர்வர் படுத்தால் எல்லா மெஷினும் உறைந்துபோய், 'ஸர்வர் பதில் தரவில்லை, இன்னும் முயல்கிறேன்' என்று நிற்கிறதே? யாரோ 'ஸாஃப்ட் மவுன்ட்' போடச் சொல்லியிருக்கிறார்கள். அது சில தடவை தட்டிப் பார்த்துவிட்டுத் தவறு என்று சொல்லிப் போய்விடும். எழுதிக்கொண்டிருந்த ஃபைல் பாதியில் தொங்கும், சில ஸாஃப்ட்வேர்கள் அதைக் கவனிக்கவும் கவனிக்காது. 'ஹார்டு மவுன்ட்' அப்படியில்லை, ஸர்வர் திரும்பி வரும்வரை காத்திருந்து விட்ட இடத்திலிருந்து தொடரும். நம்ம ஆள் அதை மாற்ற மறுத்துவிட்டான். "கரையில உக்காந்து முறை வர்ற வரைக்கும் காத்திருந்தா போச்சு ஸார். பாதி வலையை அறுத்துட்டு ஓடறதுதான் நஷ்டம்."

பேக்கப் இப்போது தினசரி, வேறொரு கட்டிடத்தில். பழவேற்காட்டு முகத்துவாரம் அவ்வப்போது மணல் மூடி அடைபடும். கடல் உள்ளே வராவிட்டால் இறால் குஞ்சும் வராது. அப்போது பாட்டில் முதல் சீட்டு விழுந்தவனுக்கும் ஒன்றுதான், லிஸ்ட்டிலேயே இல்லாதவனுக்கும் ஒன்றுதான். பங்கு போட ஏரி இருக்க வேண்டும். ஃபைலைப் பகிர்ந்தால் பத்திரமாகிவிட்டது என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

போன மாதம் அந்த ஆபீஸுக்குப் போயிருந்தேன். எக்ஸ்போர்ட்ஸ் ஃபைலை இப்போது கவனிப்பது அந்தப் பழைய டிரெய்னிதான். திரையில் காட்டினான். மேலே இரண்டு குறிப்புகள். முதலாவது அவன் எழுதியது: 'அடைப்புக்குறிக்கு முன்னால் ஸ்பேஸ் விடாதே.'

இரண்டாவது பசியாவரத்துக்காரன் கை: 'யாராவது விட்டுப்போயிருக்கிறார்களா, பார்.'