கடிகாரத்துக்கு எத்தனை கோள் வேணும்?

காவலர் தேர்வுக்கு 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடவேண்டும். அதற்குப் பழகும் நம்ம விடுதி நண்பன் ஒருவன், அப்பா குறுவைக்கு வைத்திருந்த பணத்தில் ஓட்டக் கடிகாரம் வாங்கப் போகிறானாம். "ஜி.பி.எஸ். மட்டும் பத்தாதுடா, குளோனாஸ், கலிலியோ, பெய்டோ எல்லாம் இருந்தாத்தான் தூரம் சரியா காட்டும்" என்கிறான். பத்துமா, பத்தாதா?

இடம் அறிய 4 கோள் தெரிந்தால் போதும். நம்ம வயல்வெளியில் வானம் திறந்து கிடக்கிறது; ஜி.பி.எஸ். ஒன்றே தாராளம். கட்டடம் நெருங்கிய வீதியில் பாதி வானம் மறையும்; அங்கே கூடுதல் கோள் கைகொடுக்கும், மறுக்கவில்லை. ஆனால் சுவரில் மோதித் திரும்பும் சிக்னல் பொய் சொல்லும். பத்துப் பேர் சொன்னால் பொய் மெய்யாகுமா? அதற்கு மருந்து எல்1, எல்5 என இரண்டு அலைவரிசையும் வாங்கும் கருவிதான்.

1808ல் நில அளவைக்கு வந்த லாம்டன், மலையில்லாத நம்ம ஊரில் பெரிய கோவில் விமானத்தில் அரை டன் தியோடலைட்டை ஏற்றினார். கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நசுங்கியது. இன்னும் நாலு கோபுரம் ஏறினால் சரியாகிவிடும் என்றா நினைத்தார்? வாரக்கணக்கில் உட்கார்ந்து கருவியைச் சரிசெய்தார்.

நண்பா, பெட்டியில் உள்ள பெயர்களை எண்ணாதே. கடிகாரம் வைத்திருப்பவனிடம் ஒருநாள் கேட்டு வாங்கு. 400 மீட்டர் ஓடுபாதையில், உள்கோட்டை ஒட்டிப் பத்துச் சுற்று ஓடு. 4 கிலோமீட்டர் காட்டுகிறதா பார். சர்வே வகுப்பில் செயின் பிடித்த நாம், அளக்கும் கருவியையும் அளந்து பார்க்க வேண்டாமா?