களிம்பும் காயமும்

காலபோக விதைப்பு முடிந்து வயலில் வேலை மும்முரமாகிவிட்டால், வன்னிநாட்டு வீடுகளில் சிறு காயங்களுக்குக் குறைவிராது. மண்வெட்டி வழுக்கிப் புறங்காலைக் கீறும். வேலி அடைக்கும்போது முள் விரலைத் துளைக்கும். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளை கிரவல் வீதியிற் சைக்கிளோடு விழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொள்ளும். உடனே கை தேடுவது அலுமாரித் தட்டிற் கிடக்கும் களிம்புக் குழாயை. சேறு போகக் காயத்தைக் கழுவ ஒரு வாளி தண்ணீர் எடுக்குமுன்பே களிம்பு பூசப்பட்டுவிடும். இவ்வழக்கத்தைப் பற்றியே இவ்வாரம் சிறிது பேச விரும்புகின்றோம்.

அன்ரிபயோட்டிக் களிம்பு என்று நாம் சொல்லுவது கிருமிகளைக் கொல்லும், அல்லது அவற்றின் வளர்ச்சியைத் தடுக்கும் மருந்தேயன்றி, அழுக்கை அகற்றும் மருந்தன்று. இதன் பிறப்பு வரலாறு சுவையானது. 1943 ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரில் மார்கரெட் திரேசி என்னும் சிறுமியின் கால் முறிந்த காயத்திலிருந்து எடுத்த அழுக்கில், பிற கிருமிகளை அழிக்கும் ஒரு நுண்ணுயிர் வாழ்வதை ஆய்வாளர் கண்டனர். அதிலிருந்து பெற்ற மருந்துக்கு அவளுடைய பெயரையும் இணைத்துப் பசிற்றாசின் என்று பெயரிட்டனர். 1949 இல் அறியப்பட்ட நியோமைசினோ மண்ணில் வாழும் நுண்ணுயிர் ஒன்றின் கொடை. மண் மருந்தையும் தருகின்றது. அம்மருந்துக்கு அடங்காத கிருமியையும் அதுவே வளர்க்கின்றது.

இது வெறும் சொல்லழகன்று. ஈர வயல் மண்ணிலும் நீரிலும் வாழும் கிருமி ஒன்று மெலியோய்டோசிஸ் என்னும் நோயை உண்டாக்குகின்றது. இலங்கையில் இந்நோய் 1927 ஆம் ஆண்டிலேயே பதிவாயிற்று. சிறு கீறல் வழியாகவும் அக்கிருமி உடலுட் புகும். நீரிழிவுக்காரரையே பெரிதும் வாட்டும். நியோமைசினும் பொலிமிக்சினும் இக்கிருமியிடம் பெரும்பாலும் செல்லுபடியாவதில்லை. எலிக்காய்ச்சலும் வெடிப்பு, கீறல்களின் வழியே புகுவதுதான். 2024 டிசம்பரில் வெள்ளத்தின் பின் அது யாழ்ப்பாணத்தில் உயிர்களையும் கொண்டுபோயிற்று. களிம்பு பூசிய காலோடு சேற்றில் இறங்கினால், பூச்சு சேற்றோடு போய்விடும். காயம் ஆறும்வரை வயலில் இறங்காதிருப்பதே நன்று. இறங்கத்தான் வேண்டுமென்றால் காயத்தை நீர் புகாதபடி மூடிக்கொள்ளவேண்டும். எலிக்காய்ச்சலுக்கான தடுப்பு மாத்திரையைப் பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முன்னதாகவே கேட்டுக்கொள்ளவேண்டும்.

ஆகவே முதல் மருந்து தண்ணீர். குடிக்கத் தகுந்த தூய நீரைக் காயத்தின்மேல் ஐந்து நிமிடமேனும் ஓடவிடுக. சுற்றியுள்ள தோலைச் சவர்க்காரமிட்டுக் கழுவுக. மணலோ முள்ளோ தங்கியிருப்பின் அகற்றுக. இரத்தம் நில்லாவிடின் சுத்தமான துணியால் அழுத்திப் பிடிக்குக. கோப்பித்தூள், சாம்பல், மண்ணெண்ணெய் ஆகியவற்றைக் காயத்தின் கிட்டவும் கொண்டுவரலாகாது. பாட்டிமார் எம்மைப் பொறுத்தருள்க. பின்னர் ஈரம் ஒற்றி, கை கழுவி, களிம்பை மெல்லிய படையாகப் பூசி மூடலாம். குழாயின் வாய் காயத்திற் படலாகாது. ஒருவருக்கு எழுதிக்கொடுத்த குழாயை வீட்டார் அனைவரும் பங்கிடுவதும் தவறு. வைத்தியர் வேறு விதமாகச் சொன்னாலன்றி, ஒரு வாரத்துக்கு மேல் பூசவேண்டாம்.

கழுவிய சிறு காயத்துக்கு இக்களிம்பு பெரும்பாலும் வேண்டியதுமில்லை என்றால் வாசகர் சிலர் வியப்பர். 1996 இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், தோலிற் சிறு சத்திரசிகிச்சை பெற்ற 900 பேருக்கு மேற்பட்டோருள் ஒரு சாராருக்குப் பசிற்றாசினும் மற்றையோருக்கு வெறும் வெள்ளை வாசலீனும் பூசினர். கிருமித் தொற்றில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. பசிற்றாசின் பூசியோருள் நால்வருக்குத் தோல் ஒவ்வாமை தோன்றியது. வாசலீன் பூசியோருள் ஒருவருக்கும் இல்லை. அவை சுத்தமான சத்திரசிகிச்சைக் காயங்கள் என்பது மெய்தான். ஆயினும் நன்கு கழுவிய கீறலுக்கு, தோல் வரண்டுபோகாமற் காக்கும் வாசலீனும் ஒரு கட்டுத்துணியும் போதுமென்பதே எமது கருத்து.

நியோமைசினும் பலருக்கு ஒவ்வாது. பூசிய இடத்திற் கடியும் சிவப்பும் கொப்புளமும் கண்டு, "புண் கூடிவிட்டது" என்று மேலும் மேலும் பூசுவோர் உண்டு. அங்கே நிறுத்துவதே மருந்து. பரந்த புண்ணில் நெடுநாட் பூசினால் அது உடலில் ஊறிச் செவிப்புலனையும் சிறுநீரகத்தையும் தாக்கவும் கூடும். இன்னுமொன்று, ஸ்ரீரொயிட் கலந்த களிம்புகள். பெயரும் குழாயும் ஒத்திருக்கும், கடியைச் சட்டென்று அடக்கும், காயத்தையோ ஆறவிடாது. குழாயின் மேலெழுத்தை வாசித்தபின் மூடியைத் திறக்கவேண்டும்.

போரிற் காலிழந்து செயற்கைக்கால் அணிந்து நடமாடுவோர் எமது மாவட்டங்களிற் பலர். கால் உரசிப் புண்ணாகும் இடத்திலே மாதக்கணக்காகக் களிம்பு பூசி, வேலைக்குச் சென்றுகொண்டிருப்போரை நாம் அறிவோம். அப்புண்ணுக்குக் காரணம் பொருந்தாத கிண்ணம். அதனைச் சீர்செய்யாமற் பூசும் மருந்து வீண். நெடுநாட் பூச்சினால் அம்மருந்துக்கு அடங்காத கிருமிகளும் அவ்விடத்திற் பெருகும்.

ஏற்பு ஊசியைப் பற்றியும் ஒரு சொல். பள்ளிக்கூடத்தில் 11, 12 வயதளவில் போட்டுக்கொண்டதோடு ஆண்களிற் பலர் அதை மறந்துவிடுகின்றனர். சேறோ சாணமோ பட்ட காயமாயின், கடைசி ஊசிக்கு ஐந்து ஆண்டு கடந்திருந்தால் வைத்தியசாலைக்குச் சென்று காட்டவேண்டும். ஆழமான காயம், துருவேறிய கம்பி குத்திய காயம், நாய்க்கடி ஆகியவற்றுக்குக் களிம்பை நம்பி வீட்டில் இருத்தல் ஆகாது. நாய்க்கடியைப் பதினைந்து நிமிடம் சவர்க்காரமிட்டுக் கழுவிவிட்டே புறப்படவேண்டும்.

காயத்தைச் சுற்றிச் சிவப்பு பரவினால், சீழ் வைத்தால், காய்ச்சல் கண்டால், கிளிநொச்சியோ முல்லைத்தீவோ வவுனியாவோ, அண்மையிலுள்ள வைத்தியசாலைக்குச் செல்க. ஆறிப்போன சிறு கீறலாயினும், அதன்பின் சில நாளிலோ வாரங்களிலோ காய்ச்சல் வந்தால், வயலில் இறங்கியதையும் காயம்பட்டதையும் நீரிழிவு இருப்பதையும் வைத்தியரிடம் தாமாகவே சொல்லவேண்டும். அவர் கேட்கட்டும் என்று காத்திருக்கலாகாது.