ஆறாத புண்ணும் மூலக்கலமும்

விளையாட்டில் பிள்ளையின் முழங்கால் உரிந்தால் பத்தாம் நாள் பொருக்கு உதிர்ந்து புதுத்தோல் தெரிகிறது. கல்முனைக் கரையோரத்து வீடுகளில் நாம் காணும் வேறொரு புண் அவ்வாறன்று. பாதத்தின் அடியில் மாதக்கணக்காய்க் கிடக்கும் அது மூடுவதுமில்லை, பெரும்பாலும் வலிப்பதுமில்லை. வலியாமையே அதன் கொடுமை. இலங்கையில் வளர்ந்தோருள் ஐவரில் ஒருவருக்கேனும் நீரிழிவு உண்டு. ஆண்டுகள் செல்லச் செல்ல அது பாதத்தின் உணர்ச்சியை மழுக்கிவிடுகிறது. கரைவலை இழுப்பவரின் காலைச் சிப்பி கிழித்தாலும், சம்மாந்துறை வயலில் முள் தைத்தாலும், இரத்தக் கறையைப் பிறர் காட்டிய பின்னரே அவருக்குத் தெரிகிறது. சீழ் பிடித்து விரலை எடுத்து, பின் காலையே எடுத்த கதைகள் எந்த ஊரில் இல்லை?

“இதற்கு ஸ்டெம் செல் வைத்தியம் வந்துவிட்டதாமே, மெய்தானா?” என்று வினவுவோர் இப்போது பெருகியிருக்கின்றனர். மெய்தான், எனினும் செய்தி வாய்மொழியாய் வருகையில் சற்றே பருத்துவிட்டது.

மாணவர்கள் பாடநூலில் கலம் என்று படிப்பதையே பிறர் செல் என்கின்றனர். தன்னைப் போன்றதையும் ஈன்று, வேறு வகைக் கலமாகவும் மாறவல்லது மூலக்கலம். தோலின் அடிப்படையில் இவை இருப்பதால்தான் நம் தோல் ஓயாமல் புதுப்பிக்கப்படுகிறது. ரைன்வால்ட், ஹோவர்ட் கிரீன் என்னும் அமெரிக்க அறிஞர்கள் 1975இல் மனிதத் தோற்கலங்களை ஆய்வுகூடத் தட்டில் வளர்க்கும் வழியை வெளியிட்டனர். 1983இல் உடல் ஏறக்குறைய முழுவதும் தீயில் வெந்த இரு சிறுவர்கள், அவ்வாறு வளர்த்த தம் சொந்தத் தோலால் உயிர் பிழைத்தனர்.

நீரிழிவுப் புண்ணுக்கு இன்று பெரிதும் ஆராயப்படுபவை எலும்பு மச்சையிலிருந்தும் கொழுப்பிலிருந்தும் எடுக்கப்படும் வேறொரு வகை மூலக்கலங்கள். இவை தாமே தோலாகிப் புண்ணை அடைத்துவிடும் எனப் பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் இவை செய்வது பெரும்பாலும் தூதுவேலை. பழைய சுவரை இடிக்க வந்த ஆட்கள் இடிப்பதை நிறுத்தாவிட்டால் கொத்தனார் எங்கே கல் வைப்பது? ஆறாத புண்ணில் அழற்சி அப்படித்தான் ஓயாமல் நிற்கிறது. மூலக்கலங்கள் சுரக்கும் பொருள்கள் அதைத் தணித்து, புதிய இரத்த நாளங்கள் அரும்பத் தூண்டுகின்றன.

அண்டை நாட்டில் இது மருந்தாகவே வந்துவிட்டது. கால் நாளங்கள் அடைபட்டுப் புண்ணாகும் பர்கர் நோய், புகைப்பிடிப்போரைப் பற்றும் நோய். பெங்களூர் ஸ்டெம்பியூட்டிக்ஸ் நிறுவனம் எலும்பு மச்சைக் கலங்களால் ஆக்கிய ஊசிமருந்துக்கு, அந்நோயின் பொருட்டு 2016இல் இந்திய அரசு வரம்புக்குட்பட்ட அனுமதி அளித்தது. கொரியாவிலோ, கொழுப்பிலிருந்து எடுத்த கலங்களை மெல்லிய தாளாக்கி நீரிழிவுப் பாதப்புண்ணின் மேல் ஒட்டிப் பார்த்தனர். 59 பேரைக் கொண்ட அச்சிறிய ஆய்வு 2019இல் வெளிவந்தது. பன்னிரண்டு வாரத்தில் கலத்தாள் ஒட்டியவருள் 82 வீதத்தினருக்குப் புண் மூடியது. வெறும் மென்படலம் ஒட்டியவருள் 53 வீதத்தினருக்கு மூடியது.

முதல் எண் பத்திரிகைத் தலைப்புக்கு உரியது. நம் கண்ணோ இரண்டாவதில் நிற்கிறது. மூலக்கலமே இன்றி, ஒழுங்கான கவனிப்பினால் மட்டும் பாதிப்பேருக்கு மேல் குணமடைந்திருக்கின்றனர்!

அக்கவனிப்பில் தலையாயது, புண்ணின் மேல் உடற்பாரம் விழாமல் காப்பது. இது நம் தீவுக்குப் புதிதன்று. 1930களிலேயே இலங்கைச் சத்திரசிகிச்சை நிபுணர் மில்ரோய் போல், தொழுநோயாளரின் பாதப்புண்களுக்குப் பாரிஸ் சாந்துக் கட்டுப் போட்டு நடக்கவிட்டார். பாரம் கால் முழுவதும் பரவவே புண் ஆறியது. 1946இல் வேலூருக்கு வந்த போல் பிராண்டும், தொழுநோயாளரின் பாதம் அழுகுவது உணர்ச்சியற்ற கால் ஒரே இடத்தில் மிதிபடுவதால் என்று காட்டினார். அதே கட்டு பின்னர் அமெரிக்காவில் நீரிழிவுப் பாதங்களுக்கும் போடப்பட்டது.

பாரம் குறையாமலும், சீழ் அகலாமலும், இரத்தம் ஓடாமலும் இருக்கும் பாதத்தில் எத்தனை விலையுயர்ந்த கலத்தைச் செலுத்தினும் அது வாழாது. ஆதலால் எவரேனும் பெருந்தொகை கேட்டு மூலக்கல ஊசி போட முன்வந்தால், அது எந்த நோய்க்கு, எந்த அரசின் அனுமதி பெற்றது என்று முதலில் கேளுங்கள்.

நம் கரையோரத்தாருக்கு ஒரு வசதி உண்டு. வுழூச் செய்பவர் நாளில் ஐந்து முறை தம் பாதத்தைத் தொடுகிறார். அப்போது அடிப்பாதத்தையும் திருப்பிப் பார்த்து, விரலிடுக்கின் ஈரத்தைத் துணியால் ஒற்றிவிடலாம். கண் மங்கிய மூத்தம்மாவுக்குப் பேரப்பிள்ளை பார்த்துச் சொல்லலாம். கொப்புளமோ கீறலோ கண்டால் அன்றே வைத்தியசாலைக்குச் செல்க. கட்டுப் போட்டவர் அதை நனைக்க வேண்டியதில்லை. கட்டின் மேல் ஈரக்கையால் தடவும் சலுகை மார்க்கத்தில் உண்டு. அதன் முறையைப் பள்ளிவாசல் இமாமிடம் கேட்டறியலாம்.